இத்தாலி பீரோவில் எழுந்தருளிய நாமம்

மரத்துக்கு வரும் கட்டியை இத்தாலிக்காரர்கள் வெட்டி எறிவதில்லை. மெல்லிய ஏடாகச் சீவி, மெருகேற்றி, கட்டிலின் தலைமாட்டில் ஒட்டி, 'ராதிகா' என்று பெயர் சூட்டி, கப்பலேற்றி நமக்கு விற்கிறார்கள்.

"ராதிகாவா?" என்றார் வளவன். "பேரு நல்லாருக்கே. அதையே போட்ருங்க."

"பேரு பிரச்சினை இல்ல சார். கீழ விளக்கமும் இருக்கு," என்றாள் ஆஃப்ரின், தமிழாக்க வேண்டிய இத்தாலிய கேட்டலாக்கைப் புரட்டியபடி. "மரத்துக்கு நோவு வந்தா, பூச்சி அரிச்சா, வேர்ப் பக்கம் கட்டி மாதிரி வீங்கிடும். அதை அறுத்தா உள்ள சுழி சுழியா ரேகை. அதுக்குத்தான் ராதிகான்னு பேரு."

வளவன் சுழல் நாற்காலியில் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி வந்தார். தில்லைநகரில் மூன்று மாடி ஷோரூம். தரைத்தளத்தில் தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வந்து இறங்கிய கண்டெய்னர் நிறைய இத்தாலி. பெல்லாந்தி என்ற கம்பெனியின் தமிழ்நாட்டு டீலர் அவர்தான். மாநிலத்தில் வேறு எவரும் கேட்காததால் கிடைத்த கௌரவம்.

"கல்யாணக் கட்டில்ம்மா அது. புதுப்பொண்ணு தலைமாட்டுல கட்டின்னு எழுதினா எவன் வாங்குவான்?"

"ஆஸ்பத்திரிக்காரங்க வாங்குவாங்க சார்," என்றார் பெனடிக்ட். விற்பனை மேனேஜர். இருபது வருடமாக இந்த முதலாளியிடம் இருப்பவர். எதற்கும் சிரிக்காமல் பேசும் கலை அதனால் கைவந்தது.

"அடுத்ததைச் சொல்லுங்க."

"ஸ்பீனா தி பேஷே. மீன் முள்ளு."

"ஸ்ரீரங்கம் கஸ்டமர்தான் நமக்கு பாதிப் பேர்."

"ஒக்கியோலினாத்தோ. குருவிக் கண்ணு மாதிரி புள்ளி புள்ளியா இருக்கும். கதவு பூரா கண்ணு."

"திருஷ்டி."

"ஃபியம்மாத்தோ. தீ எரியற மாதிரி வரி."

"வீட்டுக்குள்ள தீயா? சரி, விடுங்க."

"மாக்கியா அபெர்தா. ஒரே பலகையைப் பிளந்து, புஸ்தகம் விரிச்ச மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டறது. கண்ணாடில பாத்தாப்ல இடதும் வலதும் ஒண்ணா இருக்கும். வார்த்தைக்கு வார்த்தை சொன்னா, திறந்த கறை."

வளவன் கண்களை மூடிக்கொண்டார். நோய், மீன், கண், தீ, கறை. இத்தனையும் சேர்ந்ததுதான் இத்தாலிய அழகு என்று தெரிந்திருந்தால் அவர் மலேசியாவிலிருந்தே ரப்பர் மரம் இறக்கியிருப்பார்.

ஆஃப்ரின் இத்தாலிய மொழி கற்றது மேஜை நாற்காலிக்காக இல்லை. நர்ஸிங் முடித்தவள். இத்தாலியில் நர்ஸ் வேலை என்று ஒரு ஏஜென்சி சொல்ல, ஒன்பது மாதம் மொழி படித்து, பரீட்சையும் தேறினாள். பாலக்கரையில் வீட்டு மாடியில் பந்தல் போட்டு தொண்ணூறு பேருக்குப் பயண விருந்து நடந்தது. மட்டன் பிரியாணி. பெரியம்மா ஹாஜிரா வலது கையில் பயணக் காப்பாக இமாம் ஜாமின் கட்டி துஆ ஓதினாள். நாலு சுவர்க்கடிகாரம், ஒரு ட்ராலி பெட்டி அன்பளிப்பாக வந்தன. மறு வாரம் ஏஜென்சியின் போன் அணைந்தது. அதற்கடுத்த வாரம் ஏஜென்சியே அணைந்தது.

பிரியாணி சாப்பிட்ட தொண்ணூறு பேரும் இன்னும் தெருவில்தான் இருக்கிறார்கள். பதினோரு மாதமாக ஒவ்வொருவரும் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். "என்னம்மா, எப்ப இத்தாலி?"

ஆகவே, மூன்று மாதம் தற்காலிகம், கேட்டலாக் முடிந்து முதல் செட் விற்றதும் நிரந்தரம் என்று வளவன் சொன்னபோது அவள் மறு பேச்சுப் பேசவில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு காகிதம். லெட்டர்ஹெட்டில், முத்திரையோடு, 'நிரந்தரம்' என்று அச்சடித்த காகிதம். தெருவில் யாராவது வாய் திறந்தால் எடுத்துக் காட்ட.

அதற்காக உழைத்தாள். பாலக்கரை மரக்கடைகளில் ஏறி இறங்கினாள். பாலிஷ் வேலை செய்யும் பிச்சமுத்துவிடம் படங்களைக் காட்டி, இதை நீங்கள் என்ன சொல்வீர்கள் என்று கேட்டாள்.

"ரேகைம்போம், சுழிம்போம். கண்ணு இருந்தா பார்ட்டி வேணாம்னுடும்," என்றார் அவர். "இதுக்கா அங்க ஜாஸ்தி துட்டு வாங்கறான்? நான் எவ்வளவு கண்ணை அடுப்புக்குப் போட்டிருக்கேன்."

கடைசியில் ராதிகா 'சுழிரேகை' ஆனது. மீன் முள் 'தாழை மடல்' ஆனது. குருவிக் கண் 'கடுகுப் புள்ளி', தீ 'அலைவரி', திறந்த கறை 'இணைச் சிறகு'. வளவன் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, தானே பெற்றெடுத்ததுபோல் பூரித்தார்.

பிரச்சினை பெரிய வார்த்தைகளில் இல்லை. கேட்டலாக்கில் ஒவ்வொரு பெயருக்கு முன்னாலும் சின்னதாக ஒரு வார்த்தை காவலுக்கு நின்றது. எஃபெத்தோ.

"அது என்ன எல்லாத்துக்கும் முன்னாடி?"

"'போன்ற தோற்றம்'னு அர்த்தம் சார். சுழிரேகை போன்ற தோற்றம். நிஜ மரம் இல்ல. மரத்தூளை அழுத்தின பலகை. மேல ரேகையை அச்சடிச்ச காகிதம். அதுக்கு மேல பிளாஸ்டிக் மாதிரி ஒரு பூச்சு."

அந்த மரத்தூள் பலகைக்கு இத்தாலியில் 'நோபிலிதாத்தோ' என்று பெயர். பிரபுவாக உயர்த்தப்பட்டது என்று பொருள். தூளுக்கும் பட்டம் கொடுக்கும் தாராளமான தேசம்.

வளவனுக்கு இது புதிய செய்தி இல்லை. டீலர்ஷிப் வாங்கும்போதே தெரியும். அவளுக்கும் தெரிந்துபோனதுதான் புதிய சங்கடம்.

"அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்ருங்க."

"சார், அது ஒண்ணுதான் நிஜம்."

"நான் பொய் எழுதச் சொல்லலையேம்மா. எழுதாம இருங்கன்னுதான் சொல்றேன்."

ஆஃப்ரின் ஒரு நாள் முழுக்க வாதாடினாள். மறுநாள் காலை தெருமுனையில் யாரோ "எப்ப இத்தாலி?" என்று கேட்டார்கள். அன்று மத்தியானம் நாற்பத்தாறு இடங்களிலிருந்து 'போன்ற தோற்றம்' கழன்று விழுந்தது. கேட்டலாக் அச்சாகி வந்தது. பின்னட்டையில்: 'தமிழாக்கம்: ஆஃப்ரின் நஜிமுதீன், இத்தாலிய மொழி நிபுணர்.' அவள் அம்மா ஷரபுன்னிசா அதைக் கண்ணாடி அலமாரியில் எல்லாரும் பார்க்கும்படி நிறுத்தி வைத்தாள். திறந்து படிக்கவில்லை. படித்திருந்தாலும் தப்பு கண்ணில் பட்டிருக்காது. இல்லாத வார்த்தை எப்படிக் கண்ணில் படும்?

*

வேதவல்லி மாமி ஷோரூமுக்குள் வந்தது மகனுக்குக் கட்டில் வாங்க. ஸ்ரீரங்கம் கீழ உத்தர வீதி. கணவர் சௌம்யநாராயணன், இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்தைந்து வருடம் அடுத்தவர் க்ளெய்மில் ஓட்டை கண்டுபிடித்து ஓய்வு பெற்றவர். காட்சிக்கு வைத்திருந்தது ஒரே ஒரு பீரோ. மற்றதெல்லாம் அட்டைப்பெட்டிக்குள்.

மாமி பீரோ முன்னால் நின்றாள். நின்றவள் நகரவில்லை. கைகள் தானாகக் குவிந்தன.

"ஏன்னா, சித்த இங்க வாங்கோ. திருமண் தெரியறதா உங்களுக்கு?"

கிளை பிரியும் இடத்தில் மரத்தை அறுத்தால் இறகு விரித்ததுபோல் ரேகை வரும். அதை இரட்டித்து ஒட்டிய கோலம் அந்தக் கதவில் இருந்தது. இரண்டு வெளிறிய கோடுகள் வளைந்து மேலே எழும்ப, நடுவே சிவப்பாக ஒரு கீற்று, கீழே இரண்டும் சேரும் இடத்தில் சின்னதாக ஒரு பாதம். பார்க்கச் சொன்னபிறகு வேறு எதுவாகவும் பார்க்க முடியவில்லை. நாமம்தான். தென்கலை நாமம்.

"பாதம் இருக்கு," என்றார் சௌம்யநாராயணன் மெதுவாக. அவர் குரலில் பக்தியைவிட வேறொன்று கூடுதலாக இருந்தது. சம்பந்தி வீட்டார் வடகலை. அவர்கள் இடும் நாமத்துக்குப் பாதம் கிடையாது. கல்யாணமாகி எட்டு மாதமாக இந்த விஷயத்தில் இத்தாலியிலிருந்து ஆதரவு வரும் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை.

"யார் வரைஞ்சா இதை?" என்று கேட்டாள் மாமி.

"யாரும் வரையலைங்கம்மா," என்றார் வளவன். பத்து அடி தள்ளி நின்றவர் எப்படி அங்கே முளைத்தார் என்று தெரியாது. "மரத்துலயே இருக்கறது. சுயம்பு."

"சுயம்புன்னு சொல்லப்படாது. அது திருவானைக்காவல்ல. நாங்க ஸ்வயம் வ்யக்தம்னு சொல்லுவோம்."

"அதேதாங்க," என்ற வளவன், அந்த வார்த்தையை போனில் குறித்துக்கொண்டார்.

ஆஃப்ரின் வாய் திறந்தாள். பெனடிக்ட் அவளைப் பார்த்தார். மூடினாள்.

பீரோ மகன் அறைக்குப் போகாது, பெருமாள் உள்ளுக்கே போகும் என்று அங்கேயே முடிவானது. பூஜையறைக்கு அவர்கள் சொல்லும் பெயர் அது. மகனுக்குக் கட்டிலும், வாசலுக்குச் செருப்பு ரேக்கும், அதே வரிசையிலிருந்து அட்டைப்பெட்டியோடு. சௌம்யநாராயணன் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்.

"இயற்கையா வந்த ரேகைன்னு எழுதி, இந்தப் பொண்ணு கையெழுத்துப் போட்டுத் தரணும். கேட்டலாக்ல பேர் போட்டிருக்கே, நிபுணர்னு. பெருமாள் திருவடியில வச்சுப்பேன்."

"டெலிவரி அன்னிக்கே தரோம் சார்," என்றார் வளவன்.

அவர்கள் போனபின் வளவன் இரண்டு காகிதங்களை ஆஃப்ரினின் மேஜையில் அருகருகே வைத்தார். ஒன்று, தங்கக் கரை போட்ட உத்தரவாத அட்டை. 'இந்த ரேகை இயற்கையின் படைப்பு.' கையெழுத்துக்குக் கீழே கோடு. மற்றது, லெட்டர்ஹெட்டில் அச்சடித்த நியமன உத்தரவு. அதில் வளவனின் கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

"நீங்க அதுல போடுங்க. நான் இதுல போடறேன்."

இதைவிட நேர்மையாக ஒரு அநியாயத்தை யாரும் விளக்கிவிட முடியாது.

"சார், அந்தக் காகிதம் ரோல் ரோலா அச்சடிச்சது. அந்த நாமம் இந்த ஒரு பீரோல மட்டும் இருக்காது."

"பெருமாளும் எல்லா இடத்துலயும்தாம்மா இருக்காரு. வியாழக்கிழமை டெலிவரி. நீங்களும் வரீங்க."

*

வியாழக்கிழமை காலை கீழ உத்தர வீதியில் வாசல் அடைத்துக் கோலம். டெம்போ வந்து நின்றதும் அக்கம்பக்கத்து மாமிகள் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். சம்பந்திகளுக்கு விசேஷமாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர்கள் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, எதையும் பார்க்காமலிருக்கும் முயற்சியில் இருந்தார்கள்.

பீரோவைப் பெருமாள் உள்ளுக்குள் நிறுத்த, பெருமாள் கொஞ்சம் ஒதுங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. கட்டில் பெட்டிகளும் செருப்பு ரேக் பெட்டியும் பிரிக்கப்படாமல் கூடத்தில் கிடந்தன.

ஆஃப்ரின் வாசற்படிக்கு வெளியே தயங்கி நின்றாள். "உள்ள வா குழந்தே. நீதானே அந்த பாஷை படிச்ச பொண்ணு," என்று மாமியே அழைத்துக் கூடத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்தாள். அது இன்னும் மோசமாக இருந்தது. வசவு வாங்கியிருந்தால் பொய் சொல்வது சுலபம்.

பிறகுதான் அவள் அந்தக் குடத்தைப் பார்த்தாள்.

வெள்ளிக் குடம். அம்மா மண்டபத்துப் படித்துறையிலிருந்து கொண்டுவந்த காவேரித் தண்ணீர். பக்கத்தில் பால், தயிர், தேன், கரைத்த மஞ்சள், எல்லாம் வரிசையாகக் கிண்ணங்களில்.

"மாமி, இது எதுக்கு?"

"என்ன இப்படிக் கேட்டுட்டே? புதுசா எழுந்தருளியிருக்கார். திருமஞ்சனம் பண்ணாம எப்படி?"

திருமஞ்சனம். குளிப்பாட்டல். பாலும் தயிரும் தேனும் குடம் குடமாகத் தண்ணீரும் கதவின் தலையிலிருந்து வழியப் போகின்றன.

ஆஃப்ரினுக்குக் கேட்டலாக்கின் கடைசிப் பக்கம் ஒவ்வொரு எழுத்தாக நினைவுக்கு வந்தது. ஈரத் துணியால்கூட அழுத்தித் துடைக்கக் கூடாது. தண்ணீர் கைப்பிடித் துளையில் இறங்கும். கதவின் அடி விளிம்பில் ஏறும். உள்ளே இருக்கிற தூள் ரவை உப்புமாபோல் பொங்கும். மேலே காகிதம் வெடித்துச் சுருளும். இரண்டு கோடு, ஒரு கீற்று, ஒரு பாதம், எல்லாம் சம்பந்திகள் முன்னிலையில்.

வளவனை ஓரமாக இழுத்தாள். அவருக்கும் புரிந்திருந்தது. அதற்கு அவர் ஒரு திட்டமும் வைத்திருந்தார்.

"ஊத்தட்டும். நாம அதுக்குள்ள கிளம்பிடலாம். ரெண்டு நாள்ல ஊதிச்சுன்னா, நீங்க தண்ணி ஊத்தினீங்க, வாரண்டி போச்சுன்னு சொல்லிக்கலாம்."

"அவங்க அதைச் சாமியா நினைச்சுட்டிருக்காங்க சார்."

"அதனாலதான் நம்மகிட்ட கேஸ் போட மாட்டாங்க." சட்டைப் பையிலிருந்து நியமன உத்தரவின் முனையைத் தூக்கிக் காட்டினார். "கையெழுத்துப் போட்டாச்சு. அட்டையைக் குடுத்துட்டு வந்து வாங்கிக்கங்க."

சௌம்யநாராயணன் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்தார். "அந்த சர்ட்டிபிகேட் ஆயிட்டா, ஆரம்பிச்சுடலாம்."

பெனடிக்ட் பேனாவை நீட்டினார். ஆஃப்ரின் அட்டையை மடியில் வைத்தாள். தங்கக் கரைக்குள் பதினெட்டுப் பாயிண்ட் எழுத்தில் பொய் பளபளத்தது. கையெழுத்துக் கோட்டின் மேல் பேனா நின்றது. கூடத்தில் எல்லாரும் அவள் கையையே பார்த்தார்கள். பெருமாள் உள்ளில் மாமி குடத்தை இடுப்புக்கு உயர்த்தினாள்.

ஆஃப்ரின் அச்சடித்த வரியை ஒரே கோடாக அடித்தாள். கீழே எழுதினாள். கையெழுத்துப் போட்டாள். நீட்டினாள்.

சௌம்யநாராயணன் எந்தக் காகிதத்தையும் மனசுக்குள் படிக்கும் பழக்கம் இல்லாதவர்.

"'இது நிஜ மரம் இல்லை. ரேகை அச்சடித்த காகிதம். உள்ளே மரத்தூள் பலகை. தண்ணீர் பட்டால் ஊதிவிடும். இத்தாலிய மொழியில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் நான் விட்டுவிட்டேன். ஆஃப்ரின்.'"

தெருவில் போன ஐஸ் வண்டியின் மணி கேட்டது. சம்பந்தி மாமா முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வளவன் சிரிக்கப் பார்த்தார். "அந்தப் பொண்ணு பயத்துல ஏதோ..."

"சித்த இருங்கோ," என்றாள் வேதவல்லி மாமி. குடத்தைத் தரையில் வைத்தாள். கதவின் அருகே போய், புடவைத் தலைப்பால் நாமத்தைத் தொட்டுப் பார்த்தாள். அவள் என்ன நினைக்கிறாள் என்று அந்த முகத்திலிருந்து யாராலும் சொல்ல முடியவில்லை.

"காகிதமா?"

"ஆமாம் மாமி. மன்னிச்சிடுங்க."

"அதை முன்னாடியே சொல்றதுக்கென்ன? மாட்டியிருக்கற படமெல்லாமும்தான் காகிதம். படத்துக்கு யாராவது திருமஞ்சனம் பண்ணுவாளா? புஷ்பம் சாத்தினா போறும்." தயிர்க் கிண்ணத்தை நகர்த்திவிட்டுத் துளசி மாலையை எடுத்தாள். "நல்லவேளை. ஊத்தியிருந்தா அபசாரம் ஆயிருக்கும்."

அவ்வளவுதான். முப்பது வினாடியில் பெருமாள் மரத்திலிருந்து காகிதத்துக்கு இறங்கி வந்துவிட்டார். வளவன் விட்ட மூச்சில் பாதியாவது நிம்மதி. மீதிப் பாதியை விடுவதற்குள் சௌம்யநாராயணன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். ஓட்டை கண்டுபிடிக்கும் கண்ணாடி.

"அச்சுன்னா, ஒண்ணோட நிக்காதே. ஏம்மா, மத்த சாமான்லயும் இதே அச்சுதானா?"

ஆஃப்ரின் தலையாட்டினாள்.

"பெட்டியைப் பிரிங்கோ."

முதலில் கட்டிலைப் பிரித்தார்கள். தலைமாட்டில் ஒரு நாமம். அது பரவாயில்லை. கால்மாட்டில் இரண்டு நாமம். மகனும் மருமகளும் ராத்திரி முழுக்கக் காலை நீட்டப்போகும் இடம்.

பிறகு செருப்பு ரேக். மூன்று கதவு. மூன்றிலும், பாதத்தோடு.

ஒரு மாமி, கண்ணைப் பொத்த வேண்டிய விஷயத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டாள். சம்பந்தி மாமா எழுந்து வந்து, குனிந்து, நிதானமாக எண்ணிப் பார்த்தார். "பாதம் இருக்கு," என்றார்.

"அது நாமமே இல்லைங்க," என்றார் வளவன் அவசரமாக. "வெறும் டிசைன். காகிதம்."

"பீரோல இருந்தப்போ சுயம்புன்னீர்," என்றார் சௌம்யநாராயணன்.

*

ஆஃப்ரினைக் காவிரிப் பாலத்தின் நடுவில் இறக்கிவிட டிராபிக் போலீஸ் அனுமதிக்க மாட்டார்கள் என்ற ஒரே காரணத்தால், வளவன் சிந்தாமணி வரை பொறுத்தார். பின்னால் வந்த டெம்போவில் கட்டிலும் செருப்பு ரேக்கும் திரும்பி வந்துகொண்டிருந்தன.

"இறங்குங்க. நாளையிலேர்ந்து வர வேணாம்." நியமன உத்தரவை எடுத்து, நாலாக, எட்டாகக் கிழித்தார். கார் சுத்தமாக இருக்க வேண்டும் என்பதால் துண்டுகளைத் திரும்பப் பைக்குள்ளேயே போட்டுக்கொண்டார்.

வீட்டில் ஷரபுன்னிசா முழுவதையும் கேட்டாள்.

"இப்ப தெருவுல கேட்டா என்ன சொல்லப் போறே?"

"வேலை போச்சுன்னு சொல்றேம்மா."

"காரணம் கேப்பாங்க."

"செருப்பு ரேக்குன்னு சொல்றேன்."

ஷரபுன்னிசா எழுந்தாள். "தண்ணி ஊத்தியிருந்தா அந்தம்மா மனசு என்ன பாடுபட்டிருக்கும்," என்று மட்டும் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

சனிக்கிழமை காலை பெனடிக்டின் போன் வந்தது.

"கிளம்பி வாம்மா. இத்தாலிக்காரன் ரெண்டு மணிக்கு வீடியோல வரானாம். உன்கூடத்தான் பேசணுமாம்."

"என்கூட எதுக்கு சார்?"

"சௌம்யநாராயணன் சார் இத்தாலிக்கே மெயில் போட்டிருக்காரு. ஒன்பது பக்கம். போட்டோ, நம்ம கேட்டலாக்கு, நீ எழுதின அட்டை, எல்லாம் அட்டாச்மென்ட். பத்திக்குப் பத்தி நம்பர் வேற. பின்னட்டையில உன் பேருதானே இருக்கு."

ஷோரூமில் வளவன் அவளுக்காகக் கதவையே திறந்துவிட்டார். அவருடைய திட்டம் எளிமையானது.

"அச்சுப் பிழைன்னு சொல்லிருங்க. பிரஸ்காரன் தப்பு. முடிஞ்சு போச்சு."

திரையில் பெல்லாந்தி கம்பெனியின் தோனாத்தி என்ற மனிதர் வந்தார். வெள்ளைத் தாடி, பின்னால் ஒரு பழைய அலமாரி. அது நிஜ மரம் என்று தெரிந்தது. தான் விற்பதை வீட்டில் வைத்துக்கொள்ளாத விவேகம். இத்தாலிய மொழியில் பேச ஆரம்பித்தார். வளவன் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "சீ, சீ" என்று தலையாட்டினார். அவருக்குத் தெரிந்த ஒரே இத்தாலிய வார்த்தை; ஆமாம் என்று பொருள்.

"அம்மையீர், எங்கள் ஒவ்வொரு பக்கத்திலும் எஃபெத்தோ என்ற சொல் இருக்கிறது. உங்கள் தமிழில் அது எங்கே?"

பழியைச் சுமக்க, அங்கே இல்லாத ஒரு பிரஸ்காரன் தயாராக இருந்தான். ஒரு வாக்கியம் போதும். எல்லாருக்கும் தப்பிக்க வழி.

"எங்கேயும் இல்லை," என்றாள் ஆஃப்ரின். "முதலாளி எடுக்கச் சொன்னார். நான் எடுத்தேன். பெயர் என்னுடையது. தப்பிலும் பங்கு உண்டு."

"சீ, சீ," என்றார் வளவன்.

தோனாத்தி தாடியைத் தடவினார். பிறகு நீளமாகப் பேசினார். கைகளை வீசி, ஏற்ற இறக்கத்தோடு.

"என்னம்மா சொல்றாரு? சந்தோஷமாப் பேசற மாதிரி இருக்கே."

"கேட்டலாக்கை மொத்தமா திருப்பி அச்சடிக்கணுமாம். அந்த வார்த்தை நாப்பத்தாறு இடத்துலயும் இருக்கணும். கேட்டலாக் வாங்கிட்டுப் போனவங்க எல்லார்கிட்டயும் போய்ச் சொல்லணும். இல்லன்னா அடுத்த கண்டெய்னர் வராது. டீலர்ஷிப் கோயம்புத்தூர்க்காரருக்குப் போயிடும்."

வளவனின் தலையாட்டல் கொஞ்சம் கொஞ்சமாக வேகம் குறைந்து நின்றது. "அச்சுப் பிழைன்னு சொல்லலையா?"

"இல்ல சார். நீங்க எடுக்கச் சொன்னீங்க, நான் எடுத்தேன்னு சொன்னேன்."

"அதுக்கா நான் சீ சீன்னேன்?"

"ஆமா சார். ரெண்டு தடவை."

பெனடிக்ட் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு மட்டும் குலுங்கியது. திரையில் தோனாத்தி இன்னொரு கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"இப்ப என்ன?"

"இனிமே தமிழ்ல அச்சாகற எதுவா இருந்தாலும் ஒருத்தர் பொறுப்பா கையெழுத்துப் போடணுமாம். கடையில நிரந்தரமா வேலை பாக்கறவரா இருக்கணுமாம். நான் இங்க வேலையில இருக்கேனான்னு கேக்கறாரு. என்ன சொல்லட்டும்?"

"இருக்கேன்னு சொல்லுங்க."

"முந்தாநாள் சிந்தாமணில இறக்கி விட்டீங்களே சார்."

"கோவத்துல சொன்னதும்மா அது."

"அந்த லெட்டரைக் கோவத்துலயே திருப்பி எழுதினாலும் பரவால்ல. கையெழுத்துப் போட்டுக் குடுங்க. கையில இருந்தாத்தான் நான் இருக்கேன்னு சொல்ல முடியும். இனிமே இல்லாததைச் சொல்றதா இல்ல."

வளவன் திரையைப் பார்த்தார். தோனாத்தி மணிக்கட்டைத் திருப்பி நேரம் பார்த்தார். பெனடிக்ட் லெட்டர்ஹெட்டை எடுத்து மேஜையில் வைத்தார், யாரும் கேட்காமலே. வளவன் எழுதினார். ஆஃப்ரின் வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தாள். முத்திரை இல்லை என்று காட்டினாள். முத்திரையும் விழுந்தது.

"ஆம்," என்றாள் திரையிடம், இத்தாலிய மொழியில். "இங்கேதான் வேலை செய்கிறேன்."

தோனாத்தி தலையசைத்தார். பிறகு மெயிலிலிருந்த ஒரு படத்தைத் தூக்கிக் காட்டினார். நெற்றியைச் சுருக்கி, நிஜமான குழப்பத்தோடு ஏதோ கேட்டார்.

"மறுபடி என்னம்மா?"

"செருப்பு ரேக் நல்லாத்தானே இருக்கு, இதுல அப்படி என்ன தப்புன்னு கேக்கறாரு."

"சொல்லுங்க."

"வடகலை, தென்கலைலேர்ந்து ஆரம்பிக்கணும் சார். நேரமாகும்," என்றாள் ஆஃப்ரின், நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு. "நீங்க அதுக்குள்ள மூணு காபி சொல்லிடுங்க."